பொதுச் சுகாதார முதுமாணி: வேலை நேரக் கணக்கை ஊரிலேயே போட்டுவிட்டுப் புறப்படுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து பொதுச் சுகாதார முதுமாணிப் படிப்புக்காக இங்கிலாந்து வந்திருப்பவர்களும், விசா கிடைத்துப் பயணத்துக்கு ஆயத்தமாகிறவர்களும் முதலில் கேட்பது, எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம் என்பதைத்தான். தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் என்பதே சட்டம். திங்கள் முதல் ஞாயிறு வரையான ஒவ்வொரு கிழமையும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால், இந்தக் கிழமை 10, அடுத்த கிழமை 30 என்று சராசரி பார்க்க இடமில்லை. சுயதொழிலுக்கும் அனுமதி இல்லை. ஆகவே செயலி மூலம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும், அதற்காக இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுப்பதும் விசாவையே இழக்கச் செய்யலாம்.

பலர் இடறுவது கோடைகாலத்தில். இளமாணி மாணவர்களுக்கு அது விடுமுறை. ஓராண்டு முதுமாணி மாணவர்களுக்கோ ஆய்வேடு எழுதும் காலம் என்பதால், பல்கலைக்கழகங்கள் பொதுவாக அதனையும் தவணைக் காலமாகவே கொள்கின்றன. ஜூன் மாதத்திலிருந்து முழுநேரம் உழைத்துக் கடனை அடைத்துவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், அதை நம்பித் திட்டமிடாமல், உங்கள் துறையின் தவணைத் திகதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படிப்பின் அளவையும் பார்ப்போம். முதுமாணிக்கு 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணித்தியாலம் என்ற கணக்கில் ஆண்டுக்கு 1,800 மணித்தியாலம், அதாவது கிழமைக்கு ஏறத்தாழ 35. வேலையையும் பேருந்துப் பயணத்தையும் சேர்த்தால் அது 60ஐ எட்டிவிடும். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுணாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த வீதத்தில் கிழமைக்குக் கிடைப்பது 244 பவுண். சிக்கனமாக இருந்தால் அறை வாடகையும் சாப்பாடும் அதில் ஓடும். கல்விக் கட்டணத்தின் அடுத்த பகுதியோ, அடைவு வைத்த நகைக்கும் ஈடு வைத்த காணிக்கும் உரிய வட்டியோ அதிலிருந்து வராது.

அதனால்தான் இந்தக் கணக்கைப் புறப்படுமுன் வீட்டாருடன் இருந்து போடுங்கள் என்கிறேன். முதல் ஆண்டில் காசு அனுப்ப இயலாது என்று அம்மாவிடமும் அப்பாவிடமும், கடன் தந்த மாமாவிடமும் வெளிப்படையாகச் சொல்வது கடினம். ஆனால் அதைச் சொல்லாமல் வந்தவர்களே, கையில் காசு தரும் கடைகளில் சட்டத்தை மீறி நின்று, விரிவுரையில் தூங்கி, தொலைபேசியில் எல்லாம் சுகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நித்திரையின்மையையும் மன அழுத்தத்தையும் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்களே இப்படி வாழ்வது இத்துறையின் வேடிக்கை. இரவு வேலை மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007இல் வகைப்படுத்தியதை வகுப்பில் படித்துவிட்டு, முதியோர் இல்லத்தின் இரவுக் கடமைக்கு ஓடுகிறோம். இரவுக் கடமையைத் தவிர்க்க முடியாவிட்டால், வெள்ளி, சனி என்று ஒன்றாக எடுத்து, புள்ளிவிபரவியல் வகுப்புக்கு முந்திய இரவையாவது விட்டுவிடுங்கள். முதல் தவணையில் அந்தப் பாடத்தைத் தவறவிட்டால், பின்னர் வரும் தொற்றுநோயியலும் புரியாது.

குளிர்காலத்தில் யாழ்ப்பாணம் ஐந்தரை மணித்தியாலம் முந்தியிருக்கும். அங்கே காலை ஆறு மணிக்கு அம்மா எடுக்கும் அழைப்பு உங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. ஞாயிறு காலை என்று ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுக்குமாறு பிரித்தானிய அரசே அறிவுறுத்துகிறது. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருந்தாலும், எங்கள் தோல் நிறத்துக்கு அதே அளவு ஆண்டு முழுவதுமே தேவைப்படலாம்.

வந்த முதற் கிழமையிலேயே குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்யுங்கள். விசாவுக்காக ஆண்டுக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணத்தை ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள். ஊரில் மாலையில் சனல் செய்து, அதாவது தனியார் மருத்துவமனையில் காசு கட்டி நேரம் பதிந்து, நிபுணரை நேரே பார்ப்பதுபோல இங்கே முடியாது. குடும்ப வைத்தியர் அனுப்பினால்தான் வழி திறக்கும். பல்கலைக்கழகத்தின் உளவள ஆலோசனையும் இலவசம். உடலோ மனமோ தளர்ந்து ஒப்படையைக் குறித்த நாளில் கொடுக்க முடியாது என்று தெரிந்தால், கால நீடிப்பு விண்ணப்பத்தை இறுதித் திகதிக்கு முன்னரே கொடுங்கள். அதற்கு வைத்தியரின் கடிதம் கேட்கப்படலாம், பதிவு இல்லாதவருக்கு அந்தக் கடிதம் உரிய நேரத்தில் கிடைக்காது.