கிட் கார் கட்டும்போது மரை போன அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

இங்கிலாந்தில் நண்பர் ஒருவர் செவன் வகைக் கிட் காரைத் தன் கராஜில் பூட்டிக்கொண்டிருக்கிறார். வார இறுதியில் நானும் போய்க் கை கொடுக்கிறேன். 1957இல் லோட்டஸ் செவன் வந்த நாளிலிருந்தே இந்த ஊரில் காரைப் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் பூட்டும் பழக்கம் உண்டு. பூட்டுபவர்கள் இன்ஜினைப் பற்றிப் பயப்படுகிறார்கள், வயரிங்கைப் பற்றிப் பயப்படுகிறார்கள். மரையை, அதாவது போல்ட்டிலும் துளையிலும் உள்ள திருகு வரிகளைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

சீட் பெல்ட் போல்ட்டைச் சொல்கிறேன். அது 7/16 அங்குல யூஎன்எஃப் (அங்குலக் கணக்கில் வரும் நெருக்கமான மரை), அங்குலத்துக்கு 20 மரை. சேஸியில் அதற்கென்று வெல்ட் செய்திருந்த துளைக்குள் பவுடர் கோட்டிங் இறங்கிப் படிந்திருந்தது. போல்ட் ஒன்றரைச் சுற்று போனது, நின்றுவிட்டது. நண்பர் உடனே நீளக் கைப்பிடி ராட்செட்டை எடுத்தார். "வேண்டாம், கழற்றுங்கள்" என்றேன். கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் முதல் மரை முழுக்கக் கறுப்புப் பூச்சு, அதற்கு அடியில் ஒரு பக்கம் லேசாகப் பளபளப்பு. கோணலாகப் பிடித்திருக்கிறது என்பதற்கு அந்தப் பளபளப்புதான் அடையாளம். ராட்செட்டால் இன்னும் இரண்டு சுற்று தள்ளியிருந்தால் துளையின் மரை சீவிக்கொண்டு போயிருக்கும். விபத்தில் உயிரைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடம் அது.

அதே அளவு டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) ஒன்று வாங்கினோம். ஒரு சொட்டு எண்ணெய், அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். கறுப்புத் தூள் எண்ணெயில் குழைந்து பசை மாதிரி வெளியே வந்தது. துடைத்துவிட்டு போல்ட்டை வைத்ததும் இரண்டு விரலால் அடிவரை இறங்கியது. எல்லாத் துளைக்கும் இப்படித்தான் இருக்க வேண்டும். முதல் மூன்று சுற்று விரலால் போகாத போல்ட்டுக்கு ஸ்பேனர் வைக்கக் கூடாது. போல்ட்டைத் துளையில் வைத்ததும் முதலில் விரலால் இடப்பக்கம் திருப்புங்கள். மரை மரையில் விழும்போது 'டக்' என்று கையில் தெரியும். அப்புறம் வலப்பக்கம்.

இறுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண 8.8 வலிமைத் தரத்தில் எம்8 (8 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட்டுக்கு இறுக்கும் திருப்பு விசை, அதாவது டார்க், சுமார் 25 நியூட்டன் மீட்டர், எம்6-க்குச் சுமார் 10. அந்த 10 என்பது கைக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், அதனால்தான் எம்6 மரை அதிகம் போகிறது. நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது, மற்றதை உராய்வு தின்றுவிடுகிறது. எண்ணெய் தடவினால் உராய்வு குறையும், அதே எண்ணில் போல்ட் கூடுதலாக இழுபடும். புத்தகத்தில் உலர்ந்த மரைக்கான எண் என்று இருந்தால் உலர்ந்தபடியே பூட்டுங்கள்.

உங்கள் அனுபவம் என்ன?

மறுமொழி 1

அண்ணா, பிரேக் பைப்பைச் சேர்த்தே ஆகணும். எனக்குத் தெரிந்த ஒருவர் காரில் எம்10, 1 மில்லிமீட்டர் இடைவெளி மரை உள்ள துளையில் 3/8 யூஎன்எஃப் நட்டைப் போட்டிருந்தார்கள். விட்டத்தில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, இரண்டின் மரை இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் அழகாக ஏறும், கொஞ்சம் லூசாக இருப்பதுதான் ஒரே துப்பு. இறுக்கும்போது மரை உரிந்து, நட் சும்மா சுற்ற ஆரம்பித்தது. கராஜிலேயே உரிந்தது நல்லதாகப் போயிற்று. ரோட்டில் பெடலை மிதிக்கும்போது பிடுங்கிக்கொண்டிருந்தால்? பழைய கார் பாகமும் புதுப் பாகமும் கலக்கும் வண்டியில் மரை கேஜ் (மரையின் இடைவெளியை அளக்கும் தகடு) இல்லாமல் பிரேக்கில் கை வைக்காதீர்கள்.

மறுமொழி 2

அலுமினியத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தம்பி ஒருவர் வாட்டர் பம்ப்பின் எம்6 போல்ட்டுகளுக்குப் பெரிய அரை இன்ச் டார்க் ரென்ச்சை (வைத்த அளவு இறுகியதும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர்) எடுத்தார். அளவுகோலின் அடிமட்டத்தில் 'டிக்' அவ்வளவாகக் கையில் தெரியாது. வரும் வரும் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். இறுகி வந்த போல்ட் திடீரென்று வெண்ணெய் மாதிரி இளகியது. கழற்றினால் அதன் மேல் அலுமினியச் சுருள் ஒட்டிக்கொண்டு வந்தது. ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாகத் துளைக்குள் வைக்கும் கம்பிச் சுருள்) போட்டுச் சரி செய்தோம், நன்றாகவே பிடிக்கிறது. சின்ன போல்ட்டுக்குக் கால் இன்ச் ரென்ச் தனியாக வாங்கிவிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் வைத்த, தானாகக் கழலாத நட்) டிரில் வைத்து ஏற்றவே ஏற்றாதீர்கள். சூடாகி ஒட்டிக்கொண்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

முதல் பதிவர்

பிரேக் நட் விஷயத்துக்கு ரொம்ப நன்றி தம்பி. நாங்கள் பிரேக் லைனை இன்னும் தொடவில்லை, மரை கேஜை இன்றே ஆர்டர் செய்துவிட்டேன். டார்க் வைத்து முடித்த ஒவ்வொரு போல்ட்டிலும் தலையிலிருந்து சேஸி வரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுகிறோம். இறுக்கினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடி இறுக்கும் பேச்சே கிடையாது.