எட்டாவதுக்கு அப்புறம் பஸ் இல்லை

குழு: நம்ம குடும்பம்

செல்வி சித்தி, இரவு 8:10
பாப்பா எட்டாவது முடித்துவிட்டாள். ஒன்பதாவதுக்குப் பென்னாகரம் போகணும். ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது பத்தரைக்கு. திரும்பி வருவதற்குள் இருட்டிவிடும். இவர் அனுப்ப மாட்டேன் என்கிறார்.

பெரியப்பா, 8:14
காட்டு வழி, எனக்கும் பயம்தான் அம்மா. வீட்டில் இருக்கட்டும். இரண்டு வருடத்தில் நல்ல இடம் பார்க்கலாம்.

அத்தை, 8:15
அண்ணா, அப்போதும் அவளுக்குப் பதினாறுதான். 18 ஆகாமல் அந்தப் பேச்சே வேண்டாம். உங்கள் பையன் அதே வழியில்தானே போனான்?

ஓசூர் அண்ணன், 8:17
லாரியில் தொற்றிக்கொண்டுகூடப் போயிருக்கிறேன் அத்தை. யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அத்தை, 8:26
அதனால்தான் பஸ்ஸையும் யாரும் கேட்கவில்லை! பக்கத்துப் பஞ்சாயத்தில் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆகிவிட்டது. அங்கே ஓட்டு அதிகம், ஒன்றியத்தில் பேச ஆளும் இருந்தது. நம் மலையடி ஊரில் முந்நூறு ஓட்டு. ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் நம் ஆண்கள் தார் ரோடு கேட்டார்கள், கோயிலுக்கு லைட் கேட்டார்கள். கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் பள்ளி எந்த ஊருக்கு என்பது யார் சத்தமாகக் கேட்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே நம் தருமபுரிதான் கடைசி, 68.5 சதவீதம். மாநிலம் 80ஐத் தொட்டிருந்தது. எனக்கு வயிறு எரிகிறது.

செல்வி சித்தி, 8:28
நம் பஞ்சாயத்துத் தலைவர் பெண்தானே அண்ணி?

அத்தை, 8:33
50 சதவீத ஒதுக்கீட்டில் பதவி அவருக்கு வந்தது, பேசியதெல்லாம் வீட்டுக்காரர். பாவம், அவரும் எட்டாவதுதான். 2025 ஜனவரியோடு பதவிக்காலமும் முடிந்து, தனி அலுவலர் வந்துவிட்டார். மே 1 கிராம சபைக்கு வா செல்வி. பஸ் நேரம், உயர்நிலைப் பள்ளி இரண்டையும் தீர்மானமாக எழுத வைக்கணும். நோட்டில் ஏறினால்தான் கலெக்டர் ஆபீஸ் மனுவோடு நகல் வைக்க முடியும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள், எல்லாரையும் நான் கூட்டிவருகிறேன். அப்புறம், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்கு மாதம் 1000 ரூபாய். இப்போது நிறுத்தினால் அதுவும் போச்சு.

பெரியப்பா, 8:41
பஸ் வரும் வரைக்கும்?

அத்தை, 8:42
நீங்களே சொல்லுங்கள் அண்ணா.

பெரியப்பா, 8:50
சரி. காலையும் சாயந்திரமும் என் வண்டியில் கூட்டிப்போகிறேன். கிராம சபை எத்தனை மணிக்கு?

அத்தை, 8:50
11 மணி. செல்வி, தம்பியையும் கூட்டிவா.

செல்வி சித்தி, 8:58
போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன் அண்ணி. மேலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார்.