நியூ பிரான்ஃபெல்ஸில் டியூப், சான் அன்டோனியோவில் பேராலயம்: ஒரே வாரயிறுதியில் இரண்டும் முடியுமா?

வடக்குடெக்சாஸ்வாசி:

செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே விடுமுறைக்கு டல்லாஸிலிருந்து நண்பர்கள் ஆறு பேர் ஒரே வேனில் கிளம்புகிறோம். சனிக்கிழமை குவாதலூப்பே ஆற்றில் டியூபில் (காற்றடித்த ரப்பர் வளையத்தில்) மிதப்பது, அன்று மாலையே சான் ஃபெர்னாண்டோ பேராலயம், ஞாயிறு காலை ஊர் திரும்புவது என்று திட்டம்.

இரண்டு சந்தேகங்கள். எங்களில் இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. 2025 ஜூலை வெள்ளத்திலிருந்தே, அதில் ஒருத்தியின் அம்மா அந்த ஆற்றுப் பக்கமே போகாதே என்கிறார். பக்கத்தில் கோமல் என்று இன்னோர் ஆறு இருக்கிறதாமே, எங்களுக்கு எது நல்லது? அப்புறம், குழுவில் ஒருவன் கத்தோலிக்கன். அந்தப் பேராலயத்தில் திருப்பலியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. மற்ற மதத்தவர்களான நாங்களும் கூட உட்காரலாமா?

கரையோரவாசி:

நான் நியூ பிரான்ஃபெல்ஸ் பக்கத்திலேயே இருக்கிறேன், இரண்டு ஆற்றிலும் மிதந்திருக்கிறேன். நீச்சல் தெரியாதவர்கள் இருக்கும்போது கோமல்தான். இதில் எனக்கு யோசனையே கிடையாது.

கோமல் லாண்டா பூங்காவில் ஊற்றாகப் பொங்கி, சுமார் 4 கிலோமீட்டர் ஓடி, ஊருக்குள்ளேயே குவாதலூப்பேயில் கலந்துவிடுகிறது. ஊற்று நீர் என்பதால் ஆண்டு முழுக்க 22, 23 டிகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். காலை வைத்தவுடன் சிலிர்க்கும், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். அடிமணல் தெரிகிற அளவுக்குத் தெளிவு. வழியில் ஓர் அணை வரும். அதைச் சுற்றிப் போக நகராட்சி ஒரு கான்கிரீட் சறுக்கு கட்டியிருக்கிறது. முதல் தடவை போகிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் வயிறு கலங்கும். உங்கள் இரண்டு பேரும் அதற்கு முன்பே கரையேறி, நடந்து போய் மறுபக்கம் இறங்கிக்கொள்ளட்டும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். லைஃப் ஜாக்கெட் மட்டும் தொடக்கம் முதல் கடைசி வரை உடம்பில் இருக்க வேண்டும். மடியில் வைத்துக்கொள்வதற்கு அதை வாங்கக் கூடாது.

குவாதலூப்பே வேறு மாதிரி. கேனியன் அணையின் அடியிலிருந்து நீர் வருவதால் இன்னும் குளிர்ச்சி. குளிர்காலத்தில், குளிர்ந்த நீரில் வாழும் டிரவுட் மீன் கொண்டுவந்து விடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் எவ்வளவு என்பது அணையில் என்ன திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மேட்டூர் செய்தியில் வாசிப்பது போல வினாடிக்கு இத்தனை கன அடி என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை தன் தளத்தில் நேரலையாகக் காட்டும். என் கணக்கு: 100க்குக் கீழே போனால் பாறையில் உட்கார்ந்து தள்ளிக்கொண்டு போக வேண்டும், 200 முதல் 400 வரை சுகம், 500 தாண்டினால் நீச்சல் தெரியாத யாரையும் நான் அழைத்துப் போக மாட்டேன்.

அந்த அம்மாவின் பயம் நியாயமானது. அவருக்கு விளக்கமாகவே சொல்லுங்கள். 2025 ஜூலை 4 விடியற்காலையில் அந்த வெள்ளம் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் கெர் கவுண்டியைத் (மாவட்டத்தை) தாக்கியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், முகாமுக்கு வந்திருந்த சிறுமிகள் உட்பட. அதுவும் ஒரு விடுமுறை வாரயிறுதிதான், ஆற்றங்கரையில் எத்தனையோ குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். டியூப் விடுகிற பகுதி அங்கிருந்து வெகுதூரம் கீழே, கேனியன் ஏரியைத் தாண்டி இருக்கிறது. ஆனால் அணை இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க முடியாது. 2002 ஜூலையில் அந்த ஏரியே நிரம்பி வழிந்து, பாறையை அரித்து ஒரு பள்ளத்தாக்கையே உண்டாக்கியது. அணைக்குக் கீழே சேரும் ஓடைகளும் ஒரு மழைக்குப் பொங்கும். இந்தப் பகுதியே சுண்ணாம்புக்கல் மலை, மேலே மண் கொஞ்சம்தான். பெய்த மழை உள்ளே இறங்காமல் அப்படியே ஆற்றுக்கு ஓடி வருகிறது. ஆகவே எந்த ஆறாக இருந்தாலும், மேற்கே இடி மழை என்று முன்னறிவிப்பு இருந்தால் அன்று இறங்காதீர்கள். ஆற்றங்கரையில் தங்குவதாக இருந்தால் வானிலை எச்சரிக்கை ஒலிக்கும்படி போனை வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

குளிர்ந்தநீர்:

இரண்டே விஷயம் சேர்க்கிறேன். ஊர் எல்லைக்குள் பீர் கேன், பிளாஸ்டிக் பாட்டில் மாதிரி ஒருமுறை பயன்படுத்தி எறிகிற எதையும் ஆற்றில் கொண்டுபோக முடியாது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டிக்கும் (கூலர்) அளவு வரம்பு உண்டு. இன்னொன்று, காலில் பட்டையோடு இருக்கும் செருப்பு. ரப்பர் செருப்பு ஆற்றோடு போய்விடும், அப்புறம் கூழாங்கல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டும்.

லேபர் டே சனிக்கிழமை மதியம் கோமலில் தண்ணீரை விட டியூப்தான் அதிகம் தெரியும். காலையிலேயே, வாடகைக் கடை திறந்ததும் இறங்கிவிடுங்கள்.

பங்குக்கோயில்காரன்:

பேராலயத்தைப் பற்றி நான் சொல்கிறேன், தாராளமாக எல்லோரும் உட்காரலாம். யாரும் உங்கள் மதத்தைக் கேட்க மாட்டார்கள். மக்கள் எழுந்தால் எழுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். முழந்தாளிட வேண்டிய கட்டாயம் இல்லை. நற்கருணை வாங்க வரிசை நகரும்போது உங்கள் நண்பர் மட்டும் போகட்டும், நீங்கள் இருக்கையிலேயே இருங்கள். அதுதான் மரியாதை.

ஆனால் ஆற்றிலிருந்து நேராக அங்கே போவது வேண்டாம். நீச்சல் உடையும் ஈரத் தலையுமாக நுழைகிற இடம் இல்லை அது. 1731இல் கேனரித் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தங்களுக்கென்று கேட்டுக் கட்டிய கோயில், 1738இல் அடிக்கல் நாட்டினார்கள். முன்புறம் நீங்கள் பார்க்கும் இரட்டைக் கோபுரமும் கூர்வளைவுகளும் 1868க்குப் பிறகு எழுந்த கோதிக் கட்டடம். பலிபீடப் பக்கம் போனால்தான் பழைய ஸ்பானியச் சுவர்கள். உள்ளே போனதும் எல்லோரும் முன்புறத்தையே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். பின்பக்கம் வரை நடந்து போய்ப் பாருங்கள். 1836இல் டெக்சாஸ் விடுதலைப் போரின்போது மெக்சிகோ தளபதி சாந்தா அன்னாவின் படை 'யாருக்கும் உயிர்ப்பிச்சை இல்லை' என்று சிவப்புக் கொடி ஏற்றியது இந்தக் கோயிலின் கோபுரத்தில்தான். வாசல் அருகே ஒரு கல் பேழை இருக்கும். அந்தப் போரில் அலமோ கோட்டையில் மடிந்தவர்களின் எச்சங்கள் என்று நம்பப்படுபவை அதில் இருக்கின்றன. 1987இல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்தார்.

வடக்குடெக்சாஸ்வாசி:

ரொம்ப நன்றி. அப்படியானால் சனி கோமல், ஞாயிறு காலை திருப்பலி, திங்கள் ஊர் திரும்புவது என்று மாற்றிக்கொள்கிறோம். சனிக்கிழமை இரவை என்ன செய்வது?

கரையோரவாசி:

அன்று இரவே சான் அன்டோனியோ போய்த் தங்கிவிடுங்கள். நியூ பிரான்ஃபெல்ஸிலிருந்து 50 கிலோமீட்டர்தான். மாலையில் குளித்து, வயிறார சாப்பிட்டுவிட்டு, 9 மணிக்கு முன்பே பேராலயத்துக்கு எதிரே இருக்கும் மெயின் பிளாசா சதுக்கத்தில் போய் உட்காருங்கள். பேராலயத்தின் முகப்பிலேயே ஊரின் வரலாற்றை ஒளிக்காட்சியாக ஓடவிடுகிறார்கள், 24 நிமிடம், கட்டணம் கிடையாது. சனிக்கிழமைகளில் உண்டு, ஆனாலும் விடுமுறை வாரம் என்பதால் அன்று காலை ஒருதரம் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பலி ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் நடக்கும். ஸ்பானிஷ் திருப்பலிக்குப் போகச் சொல்வேன். மொழி புரியாவிட்டாலும் பாட்டுக்காகவே போகலாம். உங்கள் நண்பருக்கு எந்தப் பகுதி எப்போது வரும் என்று தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டே வருவார்.

வேனை பிளாசாவுக்குப் பக்கத்தில் நிறுத்த முயலாதீர்கள். இரண்டு மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு ஆற்று நடைபாதை வழியாக நடந்து வாருங்கள்.