புதுப்பிப்பு: தில்லியிலிருந்து ஊருக்கு, எந்த விமானம்?

மயூர் விகாரிலிருந்து கும்பகோணம் போகும் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே விமான நிறுவனத்தை வழக்கமாக வைத்துக்கொள்ளலாமா என்று 2024 கோடையில் கேட்டிருந்தேன். விஸ்தாராவே போதும் என்று பலரும் சொன்னீர்கள். அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று அது ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டதால் மறுபடியும் யோசிக்க வேண்டியதாயிற்று.

இடையில், ஒரு பயணத்தில், எட்டு வயது மகளுக்கு எங்களை விட்டு ஏழு வரிசை தள்ளி இருக்கை கிடைத்தது. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தையை, அதே முன்பதிவில் வரும் பெற்றோர் ஒருவரின் அருகிலேயே அமர்த்த வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் நாங்கள் சலுகைக்காக இரண்டு முன்பதிவுகளாகப் பிரித்து எடுத்திருந்தோம். அவள் அழுத முகம் இன்னும் என் மனத்தில் நிற்கிறது. இனி ஐந்து பேருக்கும் ஒரே முன்பதிவுதான்.

ஆகவே, குறிப்பிட்ட ஒரு நிறுவனம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டோம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுவதால் இடையில் இறங்கி ஏறாமல் சென்னைக்கு நேரடி விமானம், அங்கே எழும்பூரில் இரவு கும்பகோணம் போகும் உழவன் விரைவு வண்டியைப் பதற்றமின்றிப் பிடிக்கும்படி நண்பகலுக்குள் புறப்பாடு: இவ்விரண்டும் அமைந்தால், கட்டணம் சற்றுக் கூடினாலும் அதையே எடுக்கிறோம். பொங்கலுக்கு அப்படித்தான் பதிவு செய்திருக்கிறேன். சக்கர நாற்காலியையும் அப்போதே கேட்டுவிட்டேன்.