என்எஃப்எஸ் கையால மவுண்ட் ஆகுது, பாட்ல மட்டும் ஆகல, யாராச்சும் உதவுங்க

ராத்திரி_டியூட்டி:
வணக்கம் மக்களே, ரெண்டு நாளா மண்டை காயுது. மூணு மெஷின்ல (நோட்) கே3எஸ் போட்டிருக்கேன், அதான் கன்டெய்னர்கள ஓட்டுற சின்ன குபர்னெட்டிஸ், ஒண்ணு சர்வர் ரெண்டு ஏஜென்ட், எல்லாம் உபுண்டு. பிஎச்பி ஆப் ஒண்ணு, ஆளுங்க போட்டோ ஏத்துவாங்க, ரெண்டு ரெப்ளிகா, அதாவது கன்டெய்னர் ஓடுற பாட் ரெண்டு ஓடணும், ரெண்டும் ஒரே ஃபோல்டரப் பாக்கணும். கூடவே வர்ற லோக்கல் பாத் ஸ்டோரேஜ் ஒரே நோட்ல ஒட்டிக்குதுங்கறதால பழைய டெஸ்க்டாப் ஒண்ணுல என்எஃப்எஸ் சர்வர் (நெட்வொர்க் வழியா ஃபோல்டரப் பகிர்றது) ஏத்தி, பல நோட்ல இருந்து எழுதற மாதிரி ரீட் ரைட் மெனின்னு பிவி (ஸ்டோரேஜ் இடம்), பிவிசி (அந்த இடத்தக் கேக்குற மனு) ரெண்டும் எழுதினேன், பிவிசி பவுண்டுன்னுதான் காட்டுது. ஆனா பாட் கன்டெய்னர் கிரியேட்டிங்லயே உக்காந்திருக்கு. டிஸ்க்ரைப் போட்டா எக்சிட் ஸ்டேட்டஸ் 32, பேட் ஆப்ஷன், ஏதோ ஹெல்பர் புரோகிராம் வேணுமாம். என் லேப்டாப்ல கையால மவுண்ட் பண்ணா சட்டுனு வருது. இமேஜுக்குள்ள என்எஃப்எஸ் காமன் பேக்கேஜப் போட்டு பில்ட் பண்ணியும் பாத்தாச்சு, அதே கதை.

கேபிள்_சாமி:
இமேஜ்ல போட்டு பிரயோஜனமில்ல ப்ரோ. மவுண்ட் பண்றது பாட் இல்ல, நோட்ல ஓடுற குபெலெட், அதான் பாட்டக் கிளப்பற புரோகிராம். கன்டெய்னர் கிளம்பறதுக்கு முன்னாடியே அது நோட்ல மவுண்ட் பண்ணி உள்ள நீட்டும். அந்த பேக்கேஜ மூணு நோட்லயும் போடுங்க, ஒண்ண விட்டா பாட் அங்க போய் விழற அன்னிக்கு மறுபடி இதே எரர். இதே காரணத்தாலதான் பிவில சர்வர்ங்கற இடத்துல கிளஸ்டருக்குள்ள இருக்குற சர்வீஸ் பேரக் குடுக்காதீங்க, நோட்டுக்கு அந்த டிஎன்எஸ் தெரியாது, ஐபியே குடுங்க. ஃபயர்வால் இருந்தா என்எஃப்எஸ் வெர்ஷன் 4க்கு 2049 போர்ட் மட்டும் திறந்தா போதும்.

ராத்திரி_டியூட்டி:
அண்ணா பாட் ரன்னிங் வந்திருச்சு!! ஆனா போட்டோ ஏத்தினா ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்ங்குது. யாருக்குப் பகிரணும்னு எழுதற எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல்ல ஆர்டபிள்யூ (படிக்க, எழுத) போட்டிருக்கேன் சத்தியமா, இதோ வரி:
/எஸ்ஆர்வி/போட்டோ 192.168.1.0/24 (ஆர்டபிள்யூ,சிங்க்)

பழைய_டெர்மினல்:
24க்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல ஸ்பேஸ் இருக்கு பாருங்க, அந்த ஒரு ஸ்பேஸ்தான் வில்லன். ஸ்பேஸ் விட்டா அது ரெண்டு தனி ஆளுன்னு அர்த்தம், உங்க நெட்வொர்க்குக்கு டீஃபால்ட், அதாவது ரீட் ஒன்லி, மத்த ஊர் உலகத்துக்கெல்லாம் ஆர்டபிள்யூ. வீட்டுக்காரன வாசல்ல நிறுத்திட்டு வழிப்போக்கனுக்கு சாவி குடுத்த மாதிரி. ஒட்டி எழுதிட்டு, மாத்தினது ஏற எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ அடிங்க. லேப்டாப்ல வந்துச்சுன்னு சொன்னீங்களே, எழுதிப் பாத்தீங்களா இல்ல எல்எஸ் அடிச்சு லிஸ்ட் மட்டும் பாத்தீங்களா?

ராத்திரி_டியூட்டி:
எல்எஸ் மட்டும்தான் 😐 ஒட்டி எழுதிட்டேன், இப்ப பர்மிஷன் டினைட். ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்ல சிஎச்ஓன் (ஓனர மாத்துற கமாண்ட்) இருக்கு, அதுவும் ரூட்டா, அதான் அட்மினா ஓடியும் ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்ங்குது. ஃபோல்டர்ல பழைய சர்வர்ல இருந்த போட்டோவெல்லாம் காப்பி பண்ணி வெச்சிருக்கேன்.

டீ_பிரேக்:
எக்ஸ்போர்ட்ஸ்ல நோ ரூட் ஸ்க்வாஷ் போடு மச்சி, முடிஞ்சுது சோலி.

பழைய_டெர்மினல்:
சோலி முடியும், உண்மைதான், ஆனா அப்புறம் எந்த நோட்ல எவன் ரூட் ஆனாலும் அந்த ஃபோல்டர்லயும் அவன் ரூட்தான். டீஃபால்ட்டா என்எஃப்எஸ் சர்வர் ரூட்ட 65534ஆ, அதான் நோபடியா மாத்திரும், அதனாலதான் சிஎச்ஓன் அடிவாங்குது, அது பாதுகாப்புக்கு இருக்குற பூட்டு, உடைக்க வேணாம். ராத்திரி டியூட்டி, முன்னாடி டெபியன் இமேஜ்ல ஓட்டிட்டு இப்ப ஆல்பைனுக்கு மாறினீங்களா?

ராத்திரி_டியூட்டி:
ஆமா, சைஸ் கம்மியாகும்னு மாத்தினேன், எப்படித் தெரியும்?

பழைய_டெர்மினல்:
பிஎச்பி ஓடுற டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாங்கற யூசரோட நம்பர் டெபியன்ல 33, பிஎச்பி ஆல்பைன் இமேஜ்ல 82. பேர் ஒண்ணு, நம்பர் வேற. என்எஃப்எஸ்ஸுக்கு பேர் பத்தி கவலையே இல்ல, நம்பரத்தான் பாக்கும். சர்வர் மெஷின்லயே போய் சிஎச்ஓன் -ஆர் 82:82 போடுங்க. எல்எஸ் -எல்ல பேர் வராம 82ன்னு வெறும் நம்பரா தெரியும், பயப்படாதீங்க, உபுண்டுல அந்த நம்பருக்கு ஆள் இல்ல, அவ்ளோதான். ஸ்கிரிப்ட்ல இருக்குற சிஎச்ஓன் வரியத் தூக்கிருங்க. பாட் செட்டிங்ல எஃப்எஸ்குரூப் போட்டா சரியாகும்னு எவனாச்சும் சொல்வான், என்எஃப்எஸ் வால்யூம்ல அது ஓனர மாத்தாது.

ராத்திரி_டியூட்டி:
வந்துச்சு வந்துச்சு!!! ஒரு பாட்ல ஏத்தினேன், இன்னொரு பாட்ல உடனே தெரியுது. ரெண்டு பேருக்கும் ஒரு டீ என் கணக்கு. ஒரே ஒரு டவுட், பிவிசில 5 ஜிஐன்னு எழுதிருக்கேன், அதத் தாண்டினா நிறுத்திருமா? அப்புறம் ஆப்போட எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலையும் இதே ஷேர்ல வெச்சிரலாமா?

கேபிள்_சாமி:
5ங்கறது பிவிய ஜோடி சேக்க மட்டும்தான், டிஸ்க் ரொம்பற வரைக்கும் எழுதிட்டே போகும், கோட்டா வேணும்னா சர்வர்ல வைங்க. அந்த டெஸ்க்டாப் ரீபூட் ஆனா பாட் ரெண்டும் அப்படியே தொங்கும், ஹார்ட் மவுண்ட் அப்படித்தான், திரும்பி வந்ததும் விட்ட இடத்துல இருந்து ஓடும், சாஃப்ட்னு மட்டும் மாத்திராதீங்க, எழுதிட்டிருக்குற ஃபைல் பாதில நிக்கும்.

எஸ்க்யூலைட் வேணாம் ப்ரோ. ரெண்டு நோட்ல இருந்து ஒரே ஃபைல லாக் போட்டு எழுதறத என்எஃப்எஸ் மேல நம்பி விட முடியாது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஒண்ணு தனியா லோக்கல் டிஸ்க்ல ஓட்டுங்க, போட்டோ மட்டும் இங்க இருக்கட்டும்.