இந்தியக் கார்ச் சந்தையில் எந்தக் கம்பனிகள் நிலைத்து நிற்கும்? யாழ்ப்பாணத்தில் கார் எடுக்க இருப்பவரின் கேள்வி

கோப்பாயூரான் எழுதியது:

வணக்கம் உறவுகளே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டதில் இருந்து எங்கள் வீட்டில் கார்ப் பேச்சு ஓயவில்லை. யப்பான் காரைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது அப்பாவின் நிலைப்பாடு. வரியையும் சேர்த்து அந்தக் கார்கள் நிற்கும் விலையைப் பார்த்த அண்ணாவோ, இந்தியாவில் தயாரான புதுக் காரை லீசிங்கில் எடுப்போம் என்கிறார்.

எது நல்ல கார் என்று நான் கேட்க வரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு காரை எடுத்தால் பதினைந்து, இருபது வருடம் ஓட்டுகிறோம். அத்தனை காலமும் அதற்குச் சாமான் கிடைக்க வேண்டும். இந்தியாவிலோ ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்ட் போன்ற உலகப் பெரும் கம்பனிகளே சந்தையை விட்டுப் போய்விட்டன. அதே சந்தையில் மாருதி சுசுகி, ஹூண்டாய், டாட்டா, மகிந்திரா, கியா ஆகியவை ஒன்றையொன்று முந்தப் போட்டியிடுகின்றன. அங்கே ஒரு கம்பனியை வளர்ப்பது எது, வீழ்த்துவது எது? அதை விளங்கிக்கொண்டால், இன்று எடுக்கும் காரின் கம்பனி பத்து வருடத்துக்குப் பிறகும் இருக்குமா என்று ஓரளவுக்காவது கணிக்க முடியுமா?

உரும்பிராய்வாசி எழுதியது:

தம்பி, ஊரை விட்டு இடம்பெயர்ந்து தமிழ்நாட்டில் இருந்த காலத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சில வருடங்கள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இந்தியச் சந்தையைப் புரிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டியது வரிக்கோடு. 2006 இல் இந்திய அரசு, நான்கு மீற்றருக்கு உட்பட்ட நீளமும், பெற்றோல் என்றால் 1200 சிசிக்கு மேற்படாத இயந்திரமும் கொண்ட கார்களைச் சிறிய கார் என்று வகுத்து அவற்றின் உற்பத்தி வரியைக் குறைத்தது. டீசலுக்கு 1500 சிசி. அன்று முதல் அங்கே கார்களின் வடிவத்தையே அந்தக் கோடுதான் தீர்மானித்து வருகிறது. 2008 இல் வந்த மாருதியின் ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4160 மில்லிமீற்றர். 2012 இல் வந்த அடுத்த டிசையரின் நீளம் 3995. பின்பக்கச் சாமான் பெட்டியைக் குறுக்கியே அந்த நீளத்துக்குள் கொண்டுவந்தார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்பக்கம் சட்டென்று முடிந்துவிடுவது தெரியும். அழகு குறைந்தது என்று எழுதியவர்கள் இருந்தார்கள், ஆனாலும் கார் விற்றுக் குவிந்தது. ஏனென்றால் வாங்குபவர் முதலில் பார்ப்பது கடைசியில் கையால் கொடுக்கும் தொகையைத்தான். நம் நாட்டில் 1000 சிசி என்ற கோட்டை வைத்து வரி விதிப்பதால் சிறிய இயந்திரக் கார்களாகவே வந்து குவிவதையும் இதனோடு வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது விடயம், பாகங்கள் எங்கே செய்யப்படுகின்றன என்பது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது பெரும்பாலான பாகங்கள் யப்பானில் இருந்தே வந்தன. பின்னர் ஆண்டுக்கு ஆண்டு உள்ளூர்த் தயாரிப்பைக் கூட்டி, சுற்றிலும் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளையும் வளர்த்தெடுத்தார்கள். 1996 இல் வந்த ஹூண்டாய், தன் கொரிய உதிரிப்பாகக் கம்பனிகளையும் கூடவே அழைத்து வந்து சென்னைக்கு அருகே நிலைகொண்டு, 1998 இல் சான்ட்ரோவை இறக்கியது. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும்: ஒரு கதவுக் கைபிடியின் விலையில் ஐந்து ரூபாய் குறைக்க முடியுமா என்று ஒரு மாதம் பேச்சுவார்த்தை நடக்கும். அந்த ஐந்து ரூபாய் இலட்சக்கணக்கான கார்களுக்குப் பெருகும்போதுதான் போட்டியாளரை விட மலிவாக விற்க முடிகிறது.

ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அந்த எண்ணிக்கையைத் தொடவே இல்லை. ஃபோர்டின் கார்கள் தரம் குறைந்தவை என்று எவரும் சொல்ல முடியாது. 2013 இல் அவர்கள் இறக்கிய ஈக்கோஸ்போர்ட்தான் நான்கு மீற்றருக்குள் அடங்கிய எஸ்யூவி (ஜீப் போல உயரமான கார்) என்ற வகையை மக்கள் நடுவே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அந்த வகையில் மாருதியின் பிரெஸ்ஸா 2016 இல் வந்து முந்தியது. ஹூண்டாயும் டாட்டாவும் மகிந்திராவும் அந்த வகையில் புகுந்தன. அந்தப் புதிய போட்டிக்கு ஈடுகொடுக்கும் வேகத்தில் ஃபோர்டிடம் இருந்து அடுத்த மொடல்கள் வரவில்லை. மகிந்திராவோடு கூட்டுச் சேரும் திட்டமும் 2020 முடிவில் கைவிடப்பட்டது. பத்து வருடங்களில் 200 கோடி டொலருக்கு மேல் நட்டம் என்று தாங்களே அறிவித்துக்கொண்டு 2021 செப்டெம்பரில் அங்கே கார் செய்வதை நிறுத்தும் முடிவை எடுத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு முன்னரே, சந்தையில் ஒரு சதவீதம்கூட இல்லாத நிலையில், 2017 இல் விற்பனையை முடித்துக்கொண்டது. அதன் தலேகாவ் தொழிற்சாலையை இன்று வைத்திருப்பது ஹூண்டாய்.

ஆகவே பெயரின் பெருமையை வைத்துக் கணிக்காதீர்கள். ஆண்டுக்கு எத்தனை கார் விற்கிறது, பாகங்களில் எவ்வளவு பங்கு அங்கேயே செய்யப்படுகிறது, சிறு பட்டணங்கள் வரைக்கும் திருத்தும் நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள். மாருதிக்கு இந்தியா முழுவதும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சேவை நிலையங்கள் உள்ளன.

நல்லூர்த் தமிழினி எழுதியது:

அண்ணா, நீங்கள் எழுதியதில் பழைய வரலாறு சரியாக இருக்கிறது. ஆனால் கடந்த ஐந்தாறு வருடங்களில் அந்தச் சந்தை திரும்பிய திசைக்கு நீங்கள் போதிய இடம் கொடுக்கவில்லை என்பது என் கருத்து.

2018–19 இல் இந்தியாவில் விற்ற கார்களில் இரண்டில் ஒன்று மாருதியுடையது. இன்று அந்தப் பங்கு ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. மலிவான சிறிய கார் என்ற மாருதியின் அடித்தளமே ஆட்டம் கண்டதுதான் காரணம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 புகை விதிகளும், காற்றுப்பை போன்ற பாதுகாப்பு விதிகளும் சிறிய காரின் விலையை ஏற்றிவிட, மோட்டார் சைக்கிளில் இருந்து காருக்கு மாற நினைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். கொஞ்சம் வசதியானவர் எஸ்யூவிக்குப் போனார். இப்போது விற்பனையில் பாதிக்கும் மேல் அந்த வகை வாகனங்கள்தான்.

இந்த மாற்றத்தை முன்கூட்டியே பிடித்தவை டாட்டாவும் மகிந்திராவும். 2018 இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்காப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்புக் கார் டாட்டாவின் நெக்ஸன். விபத்தில் உயிர் பிழைப்பதைப் பற்றி இந்திய வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். அதற்கு முன்னர் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதே முதற்கேள்வி. நான்கு பத்தாண்டுகளாக மாருதியின் கார்களே அதிகம் விற்றுவந்த நிலை மாறி, 2024 இல் டாட்டா பஞ்ச் முதலிடத்தைப் பிடித்தது. மகிந்திராவோ சிறிய கார்களை ஒதுக்கிவிட்டு ஸ்கார்பியோ, தார், எக்ஸ்யூவி 700 என்று தனக்குத் தெரிந்த ஒரே வகையில் முழுப் பலத்தையும் போட்டது. 2025 இல் பல மாதங்களில் ஹூண்டாயைத் தாண்டி இரண்டாம் இடத்தில் நின்றது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கார் எடுத்தால் நேற்றைய வெற்றியாளரின் காரை எடுப்போம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் இரவில் கொழும்புக்குப் போகிற குடும்பங்கள் நாம். எந்தக் கார் மோதலில் எத்தனை நட்சத்திரம் பெற்றது என்பதையும் உங்கள் அண்ணாவிடம் பார்க்கச் சொல்லுங்கள், கோப்பாயூரான்.

கோப்பாயூரான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னுமொரு சந்தேகம். இங்கே இறக்குமதி திறந்த பின்னர் சீனாவின் பிவைடி மின்சாரக் கார்களை யாழ்ப்பாண வீதிகளிலும் காண்கிறோம். இந்தியாவில் அவை டாட்டாவையும் மகிந்திராவையும் விழுத்திவிடாதா?

உரும்பிராய்வாசி எழுதியது:

முதலில் தங்கை தமிழினிக்கு: மாருதியின் பங்கு இறங்கியது உண்மை. ஆனால் 2025 செப்டெம்பர் 22 இல் சிறிய கார்களின் ஜிஎஸ்ரி வரியை 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு மேலிருந்த தனித் தீர்வையும் நீங்கியது. மாருதியின் எஸ்-பிரெஸ்ஸோவின் ஆரம்ப விலை சுமார் மூன்றரை இலட்சம் இந்திய ரூபாயாக இறங்கியது. ஆயிரம் பேருக்குச் சுமார் 34 கார்களே உள்ள நாடு என்று அந்தத் தொழிற்றுறையினர் கணக்குச் சொல்கிறார்கள். முதற்கார் வாங்க வேண்டியவர்கள் இன்னும் கோடிக்கணக்கில் காத்திருக்கும்போது சிறிய காரின் காலம் முடிந்துவிட்டது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

சீனக் கார்களைப் பற்றித் தம்பி கேட்டது நல்ல கேள்வி. எல்லை நாடுகளில் இருந்து வரும் முதலீட்டுக்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்று 2020 இல் இந்தியா விதித்தது. முழுமையாகச் செய்து இறக்கும் காருக்கோ 70 சதவீதமும் அதற்கு மேலும் வரி. அதனால் நம் வீதியில் பக்கம் பக்கமாக ஓடும் இரண்டு கார்கள் இந்தியச் சந்தையில் ஒரே தளத்தில் மோதவில்லை. சீனத் தொழில்நுட்பம் அங்கே நுழைந்திருப்பது கூட்டு முயற்சி என்ற வாசல் வழியாக. சீனக் கம்பனி ஒன்றும் இந்தியக் குழுமம் ஒன்றும் கூட்டாக நடத்தும் எம்ஜியின் வின்ட்சர் 2024 இல் வந்து சில மாதங்களிலேயே மின்சாரக் கார் விற்பனையில் டாட்டாவுக்கு நெருக்கடி கொடுத்தது. அந்த வேலி என்றாவது தாழ்ந்தால்தான் டாட்டாவினதும் மகிந்திராவினதும் உண்மையான பலம் தெரியவரும்.

சுன்னாகம் கராச் எழுதியது:

தொழில் செய்பவனாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கம்பனி இருக்குமா என்று கேட்பதை விட, அந்த இயந்திரமும் கியர்ப் பெட்டியும் வேறு எத்தனை மொடல்களில் இருக்கின்றன என்று கேளுங்கள். 2019 இல் நம் நாட்டு வெலிப்பன்னையில் மகிந்திராவின் கேயூவி 100 பொருத்தத் தொடங்கினார்கள்; மகிந்திரா இன்றும் வளர்கிறது, ஆனால் அந்த மொடல் இந்தியாவில் விற்பனையில் இல்லை. மறுபக்கம், மாருதி 800 நின்று பல வருடங்களாகியும் அதற்குக் கிளச் பிளேட்டும் பிரேக் சூவும் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தருகிறார்கள். டாட்டா ஏஸ், அதாவது நம் ஊரில் டிமோ பட்டா என்று எல்லோரும் அழைக்கும் வாகனம், சந்தைக்கு மரக்கறி ஏற்றும் ஒவ்வொரு ஊரிலும் ஓடுவதால் அதற்கும் சாமானுக்குக் குறைவில்லை. புதிய கார்களில் தேய்கிற பாகங்களை விடச் சென்சரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும்தான் தலையிடி. அவற்றைச் சோதிக்கும் கருவி எந்தக் கராச்சில் இருக்கிறது என்று எடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சுசுகி என்று முன்னால் எழுதியிருப்பதை வைத்து எங்கே செய்தது என்று தெரியாது. சேசி இலக்கத்தைப் பாருங்கள்: எம்.ஏ.3 என்று தொடங்கினால் மாருதி சுசுகி, இந்தியா, ஜே.எஸ். என்று தொடங்கினால் யப்பான் சுசுகி. டாட்டாவுக்கு எம்.ஏ.ரி., இந்திய ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு நாட்டுத் தயாரிப்புகளின் இயந்திரமும் சஸ்பென்சன் பாகங்களும் பல மொடல்களில் வேறுபடும், ஒன்றின் சாமான் மற்றதற்குப் பொருந்தாது. லீசிங் கடதாசியில் கையெழுத்து வைப்பதற்கு முன்னர் அந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு போய்ச் சாமான் கடையில் காட்டி, முன் சொக் அப்சோபரும் ரேடியேற்றரும் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று அண்ணாவைக் கேட்டுவரச் சொல்லுங்கள் தம்பி.