டிராக்ட் ஹவுசிங்: 'ஓரச்சு வீடுகள்' சரிவருமா?

நண்பர்களே, வணக்கம்.

ஒரே நிறுவனம் பெரிய நிலப்பரப்பை வாங்கி, மனைகளாகப் பிரித்து, ஒரே வரைபடத்தில் மொத்தமாகக் கட்டும் தனி வீடுகளை ஆங்கிலத்தில் 'டிராக்ட் ஹவுசிங்' (tract housing) என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்த பரிந்துரைகள் தொகுப்பு வீடுகள், வரிசை வீடுகள், ஒத்த வீடுகள். முதல் இரண்டையும் விட்டுவிடலாம். தொகுப்பு வீடு என்றாலே அரசு கட்டித்தரும் வீடுதான் நினைவுக்கு வரும். வரிசை வீடுகளுக்குப் பொதுச்சுவர் உண்டு. இவையோ தனித்தனி வீடுகள்.

'ஒத்த வீடுகள்' எழுத்தில் சரிதான். பேச்சில் 'ஒத்த வீடு' என்றால் தனியாக நிற்கும் ஒரே வீடு. பொருள் தலைகீழாகிவிடும்! அதைவிடப் பெரிய சிக்கல், ஒத்திருப்பது இவற்றின் நிலையான இயல்பே இல்லை. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேல் வீடுகள் எழும்பிய லெவிட்டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். குடிவந்தவர்கள் அறை சேர்த்தார்கள், கூரையை உயர்த்தினார்கள். இன்று அங்கே மாறாத பழைய வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனாலும் அது டிராக்ட் ஹவுசிங்தான்.

ஆகவே பெயர் தோற்றத்தைவிட, கட்டிய முறையைச் சொல்ல வேண்டும். லெவிட்டவுனில் ஒரே நிறுவனம் உருளைக்கிழங்கு வயல்களை மொத்தமாக வாங்கி, மனைகளாகப் பிரித்து, வேலையை 25-க்கும் மேற்பட்ட படிகளாக உடைத்தது. அளவாக அறுத்த மரச்சட்டங்கள் லாரியில் வந்து ஒவ்வொரு மனையிலும் இறங்கும். ஒரு குழு தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும். பின்னால் சட்டம் அடிப்பவர்கள், அப்புறம் வண்ணம் பூசுபவர்கள். தொழிற்சாலையில் பொருள் நகரும், இங்கே ஆட்கள் நகர்ந்தார்கள். வேகம் பிடித்தபோது நாளுக்கு 30 வீடு வரை முடிந்தது.

இதற்கு என் பரிந்துரை 'ஓரச்சு வீடுகள்'; குடியிருப்பு முழுவதையும் குறிக்க 'ஓரச்சுக் குடியிருப்பு'. 1949-இல் வந்த வீடுகளுக்கு முகப்பு ஐந்து வகை இருந்ததே, 'ஓர்' எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். உள்ளே அறைகளின் அமைப்பு ஒன்றுதான். அச்சு என்று நான் சொல்வது அந்த வரைபடத்தை.

'டிராக்ட்' என்ற மூலச்சொல்லுக்கு நிலப்பரப்பு என்று பொருள்; அந்த நிலம் இதில் விடுபடுகிறது, உண்மை. 'பெருமனை வீடுகள்' என்று சொல்லிப் பார்த்தேன்; பண்ணையார் பங்களா மாதிரி ஒலிக்கிறது.

ஒரே ஒரு தயக்கம்: ஆலையில் வார்த்து எடுத்துவரும் பாகங்களைப் பொருத்திக் கட்டும் வீட்டை 'முன்வார்ப்பு வீடு' என்கிறோம். 'அச்சு' அதனோடு குழம்புமா? கட்டுமானத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.